சுரங்கத்துக்காரர்களின் வாத்தியம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஒரு கட்டுரையில் நீங்கள் போகிறபோக்கில் குறிப்பிட்டிருந்த ‘பிராஸ்ட் ஆஃப்’ (1996) படத்தைப் பார்த்தேன். அழுதேன், எரிச்சலும் வந்தது. நிலக்கரிச் சுரங்கத்தை மூடப்போகிறார்கள், ஊரே வேலை இழக்கப்போகிறது, இசைக்குழு வைத்திருக்கும் இந்தத் தொழிலாளர்கள் உட்கார்ந்து வாத்தியம் ஊதிக்கொண்டிருக்கிறார்கள். கடைசியில் போட்டியில் வெற்றி, கைதட்டல். ஒரு பெரிய துயரத்தைச் சிரிப்பாலும் இசையாலும் பூசி மெழுகிவிட்டார்கள் என்று உங்களுக்குத் தோன்றவில்லையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அந்த வெற்றி இயக்குநர் மார்க் ஹெர்மனின் கற்பனை அல்ல. படத்தில் வரும் கிரிம்லி என்ற ஊருக்கு அசல், இங்கிலாந்தின் தெற்கு யார்க்ஷயரில் உள்ள கிரைம்தோர்ப். 1992 அக்டோபரில் 31 சுரங்கங்கள் மூடப்படும், சுமார் 30,000 பேருக்கு வேலை போகும் என்று அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் அறிவித்தார். அதே மாதம், சில நாட்களுக்குள், கிரைம்தோர்ப் சுரங்கத்தின் இசைக்குழு லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டியை வென்றது. அடுத்த ஆண்டு சுரங்கம் மூடப்பட்டது. படத்தில் நாம் கேட்பதும் அவர்கள் வாசித்ததுதான். அப்படி ஒரு முடிவை யாராவது கதையாக எழுதிக்கொண்டு வந்திருந்தால், நானும் உங்களைப் போலத்தான் முகம் சுளித்திருப்பேன்.

‘உட்கார்ந்து ஊதுகிறார்கள்’ என்ற குற்றச்சாட்டைப் படமே சொல்கிறது, அதுவும் டேனியின் வாயால். குழுவை நடத்தும் அந்தக் கிழவருக்குப் படம் முழுக்க இசை ஒன்றுதான் முக்கியம். சுற்றிலும் குடும்பங்கள் உடைந்துகொண்டிருக்க, அவர் ஒத்திகைக்கு ஆள் வரவில்லையே என்று கோபப்படுகிறார். நிலக்கரித் தூசு நுரையீரலை அரித்துத் தின்ற பிறகு, கோப்பையைக் கையில் வாங்க வேண்டிய மேடையில் நின்றுகொண்டு, மனிதர்களுக்கு முன்னால் இசை ஒன்றுமே இல்லை என்று சொல்லிக் கோப்பையை மறுக்கிறார். உரை கொஞ்சம் நீளம்தான். டேனியாக நடித்த பீட் போசில்த்வெயிட் இல்லாவிட்டால் மேடைப்பேச்சாகியிருக்கும். ஆனால் அவர் வெளியேறும்போது, குழுவில் ஒருவர் கோப்பையைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்! இந்தப் படத்தின் சிரிப்பு இந்த வகையானது. வீறாப்பு காட்டவும் வசதி வேண்டும் அல்லவா?

சிரிப்பு துயரத்தை மறைக்கிறதா என்று பார்க்க டேனியின் மகன் ஃபில்லைக் கவனியுங்கள். 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் பட்ட கடன் அவன் கழுத்தில் இன்னும் கிடக்கிறது. கடன்காரர்கள் வீட்டுச் சாமான்களை அள்ளிப்போகிறார்கள், மனைவி பிள்ளைகளோடு போய்விடுகிறாள். பிழைப்புக்காகக் கோமாளி வேஷம் போட்டுக் குழந்தைகளைச் சிரிக்க வைக்கிறான். தேவாலயத்தில் அந்தக் குழந்தைகளின் முன்னால் கடவுளைத் திட்டத் தொடங்கிவிடுகிறான்: ஜான் லென்னனை எடுத்துக்கொண்டாய், சுரங்கத்தில் மூன்று இளைஞர்களை எடுத்துக்கொண்டாய், முன்னாள் பிரதமர் தாட்சரை மட்டும் விட்டுவைத்திருக்கிறாய். சிரித்து முடிப்பதற்குள், அதே வேஷத்தில் சுரங்கக் கோபுரத்தில் தூக்குப் போட்டுக்கொள்கிறான். பிழைக்கிறான். பூசி மெழுகுகிறவர்கள் இந்த இடத்துக்கு வரமாட்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை படத்தின் உயிர் வாக்கெடுப்பில் இருக்கிறது. கூடுதல் இழப்பீட்டை வாங்கிக்கொண்டு சுரங்கத்தை மூட ஒப்புக்கொள்வதா, மறுஆய்வு கேட்டுப் போராடுவதா? தொழிலாளர்கள் பணத்துக்கு வாக்களிக்கிறார்கள். ஃபில்லும்தான். நிர்வாக ஊழியை குளோரியாவோடு பழகியதற்காக, குழுவிலுள்ள இளைஞன் ஆண்டியைக் கருங்காலி என்று ஏசியவர்கள், மூடும்படி தாங்களே வாக்களித்துவிட்டு ஒருவரையொருவர் பார்க்க முடியாமல் திரிகிறார்கள். தாட்சரைத் திட்டப் பல படங்கள் இருக்கின்றன. தோற்றவர்களின் இந்த வெட்கத்தை இவ்வளவு இரக்கத்தோடு பார்த்த படம் எனக்கு வேறு தெரியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மூடுவதென்று மேலே முடிவாகிவிட்டது, வாக்கெடுப்பே நாடகம் என்று பிறகு தெரிவது அந்த வெட்கத்தைக் கொஞ்சமும் குறைப்பதில்லை.

கைதட்டலோடு படம் முடியவும் இல்லை. 1984 முதல் 140 சுரங்கங்கள் மூடப்பட்டன, ஏறத்தாழ இரண்டரை லட்சம் வேலைகள் போயின என்ற எழுத்து திரையில் வருகிறது.

ஆண்டி-குளோரியா காதல் கதையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. அங்கே எரிச்சல்பட்டிருந்தால் நானும் சேர்ந்துகொண்டிருப்பேன். ஆண்டியாக இவான் மெக்ரிகர் இருந்தும் அது ஒட்டவில்லை. லண்டன் போகக் காசில்லாத நேரத்தில் குளோரியா பணத்தோடு வந்து நிற்பதும் ரொம்பச் சௌகரியம்.