சிறிய பயணக் கிட்டார்கள்: கேள்வி பதில்

கேள்வி: பயணக் கிட்டாரில் தடித்த தந்தி ஏன் மெலிந்து ஒலிக்கிறது?

பதில்: ஆறாம் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் எழும் அடிப்படை அதிர்வு நொடிக்கு ஏறத்தாழ 82. பெட்டிக்குள் அடைபட்ட காற்றுக்கும் ஒலித்துளைக்கும் சேர்த்து ஓர் இயல்பான அதிர்வெண் உண்டு. டிரெட்நாட் எனப்படும் அகன்ற கிட்டார் வகையைப் போன்ற பெரிய உடலில் அது 100-ஐ ஒட்டியிருக்கும், பெட்டி சுருங்கச் சுருங்க மேலேறும். அதனால் சிறிய பெட்டி 82-க்குப் போதிய துணை தருவதில்லை. ஆனால் அதன் மடங்குகளான 165, 247, 330 ஆகியவற்றை அது தெளிவாகவே வெளியிடுகிறது. அவற்றைக் கேட்கும் செவி, குன்றிப்போன அடிப்படைச் சுருதியைத் தானே உய்த்துணர்ந்துகொள்கிறது. சுருதி கெடுவதில்லை, கனம்தான் குறைகிறது. நடுத்தர ஒலிகள் முன்வந்து நிற்கும் அந்தக் குரல், பேஸ் கிட்டாரும் முரசும் சேர்ந்த ஒலிப்பதிவில் அவற்றோடு மோதாமல் தனித்துக் கேட்கும். நான் சிறிய கிட்டாரை விரும்புவது இதற்காகத்தான்.

கேள்வி: பேபி டெய்லர், லிட்டில் மார்ட்டின், ஜிஎஸ் மினி ஆகியவற்றில் எதை வாங்கலாம்?

பதில்: தந்தி நீளம் முறையே 22¾, 23, 23½ அங்குலம். ஒலியின் நிறைவுக்கு ஜிஎஸ் மினி. சுமை குறைய வேண்டுமென்றால் மற்ற இரண்டில் ஒன்று. எதை வாங்கினாலும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள். சூட்டில் பசை இளகி, தந்திகளைத் தாங்கும் பிரிட்ஜ் பெயர்ந்துவிடும்.

கேள்வி: தந்திகள் தளர்ந்து, கழுத்திலுள்ள ஃப்ரெட் கம்பிகளில் உரசுகின்றன. கருவியில் குறையா?

பதில்: பெரும்பாலும் இல்லை. அதே தந்தியை அதே சுருதிக்குக் கட்டும்போது இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. முழு அளவுக் கிட்டாரின் 25.4 அங்குலத்திலிருந்து 23-க்கு இறங்கினால் இழுவிசை சுமார் 18 விழுக்காடு குறைகிறது. மெல்லிய தந்தி 0.012 அங்குலத்துக்குப் பதிலாக 0.013 அங்குலத் தடிமனில் தொடங்கும் தந்தித் தொகுப்பை உங்கள் கருவியின் தயாரிப்பாளர் அனுமதித்தால் அதைப் போடுங்கள். மெல்லிய தந்திகளோடு சுருதியை உயர்த்துவது இன்னொரு வழி: பத்தொன்பதாம் நூற்றாண்டின் டெர்ஸ் என்ற சிறிய கிட்டார் வழக்கமான சுருதிக்கு மூன்று அரைச்சுரம் மேலே கட்டப்பட்டது, டகோமா பப்பூஸ் என்ற சிறிய கிட்டார் ஐந்து அரைச்சுரம் மேலே.

கேள்வி: இவையெல்லாம் விளையாட்டுப் பொருள்கள், டிரெட்நாட்தானே உண்மையான கிட்டார்?

பதில்: இதை ஏற்க மாட்டேன். மார்ட்டின் நிறுவனம் 1833-இல் நியூயார்க்கில் தொடங்கியபோது கிட்டார் என்றாலே சிற்றுடல் கருவிதான். டிரெட்நாட் 1916-இல் டிட்ஸன் என்ற கடைக்காகச் செய்யப்பட்டு, 1931-இல்தான் மார்ட்டினின் சொந்தப் பெயரில் வந்தது. மூத்தது சிறியதே. பாடகர் எட் ஷீரன் லிட்டில் மார்ட்டினை ஏந்தி விளையாட்டரங்குகளை நிரப்பியதையும் நினைத்துப் பாருங்கள்.

மீண்டும் அவரே: அங்கே கேட்பது ஒலிபெருக்கிதானே, கிட்டார் இல்லையே?

பதில்: சரியான மறுப்பு. தந்தியின் அதிர்வை மின்குறிப்பாக மாற்றும் பிக்கப் வழியாக வாசிக்கும்போது பெட்டியின் உரப்பு பெரிதாகப் பொருட்டாவதில்லை. ஆயினும் சிறிய உடல் மேடையின் இரைச்சலுக்கு எளிதில் எதிரதிர்வதில்லை; ஒலிபெருக்கி ஊளையிடும் தொல்லை குறைகிறது. எல்லாச் சிறிய கருவிகளும் நன்றாக ஒலிக்கும் என்றும் நான் வாதிடவில்லை. 1994-இல் கொலம்பியா ஓடத்தில் விண்வெளிக்குப் போன மார்ட்டின் பேக்பேக்கரின் ஒலி மிக மெலிந்தது. துடுப்பளவே உள்ள உடலில் வேறெதையும் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: ஒன்பது வயதுக் குழந்தைக்கு ஏற்றதா?

பதில்: அளவு பொருந்தும். விரல் வலிக்கும் என்றால் நைலான் தந்திக் கருவி நல்லது.

கேள்வி: எந்த மாதிரி வாங்கலாம்?

பதில்: இரண்டாம் கேள்விக்கான விடையைப் படியுங்கள்.

கேள்வி: பயணத்துக்கு முழு மரமா, ஒட்டுப்பலகையா?

பதில்: மேற்பலகை மட்டும் முழு ஸ்ப்ரூஸாகவும் பக்கங்களும் முதுகும் ஒட்டுப்பலகையாகவும் இருப்பதே என் தேர்வு. ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பது மேற்பலகை. ஈரப்பதம் மாறும்போது முழு மரத்தைப் போல ஒட்டுப்பலகை எளிதில் வெடிப்பதில்லை.

கேள்வி: தடித்த உறைக்குள் வைத்தால் காரில் விடலாமா?

பதில்: கூடாது. உறை சூட்டைத் தாமதப்படுத்தும், தடுக்காது.