பூ வேண்டாம், செதாக்கா கொடுங்கள்: எவ்வளவு, எங்கே, எப்படி?

கேள்வி: நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். கூட வேலை செய்யும் யூத நண்பரின் அப்பா காலமாகிவிட்டார். "பூக்கள் வேண்டாம், அவர் நினைவாக செதாக்கா கொடுங்கள்" என்று அறிவிப்பில் போட்டிருக்கிறார்கள். கவரில் பணம் வைத்து நண்பர் கையில் கொடுக்கலாமா? எவ்வளவு வைப்பது?

பதில்: நண்பர் கையில் கொடுக்காதீர்கள். நம்மவர்கள் தவறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். நம் ஊரில் துக்க வீட்டுச் செலவுக்குக் கையில் பணம் கொடுப்பது உண்டு. செதாக்கா என்பது யூதர்கள் கொடுக்கும் தருமம். இந்தப் பணம் துக்க வீட்டுக்கு உரியதே அல்ல, இல்லாதவர்களுக்குப் போக வேண்டியது.

அறிவிப்பைக் கடைசி வரி வரை படியுங்கள். ஜெப ஆலயமோ உணவு வங்கியோ மருத்துவ ஆராய்ச்சி நிதியோ, எதற்குக் கொடுக்கலாம் என்று பெரும்பாலும் அதிலேயே இருக்கும். இணையத்தில் கட்டினால் 'இன்னாரின் நினைவாக' என்ற கட்டத்தை மறக்காமல் நிரப்புங்கள். அங்கே இறந்தவரின் பெயர், தகவல் அனுப்ப வேண்டிய இடத்தில் நண்பரின் பெயரும் முகவரியும். இதை விட்டுவிட்டால் பணம் போய்ச் சேரும், வீட்டாருக்குத் தெரியவே தெரியாது. நிரப்பினால் நிறுவனத்திலிருந்து ஓர் அட்டை போகும். தொகை பொதுவாக அதில் இருக்காது. நீங்களும் சொல்ல வேண்டாம்.

தொகைக்குச் சட்டம் இல்லை, வழக்கம் உண்டு: 18 டாலர், 36, 54, 180 என்று 18-இன் மடங்காகக் கொடுப்பார்கள். எபிரேயத்தில் எழுத்துகளுக்கே எண் மதிப்பு உண்டு. ஹெத் 8, யோத் 10. இரண்டும் சேர்ந்தால் 'ஹை', அதாவது உயிருள்ளது. மொய்யில் 101, 501 என்று வைத்துப் பழகிய நமக்கு இது எளிதில் பிடிபடும். உடன் பணிபுரிபவர் என்ற முறையில் 18 அல்லது 36 போதும். குறைவாகக் கொடுக்கிறோமே என்ற கூச்சம் வேண்டாம். பிறர் தரும் தருமத்தில் வாழும் ஏழையும் தன்னால் ஆனதைக் கொடுக்க வேண்டும் என்பது, யூதர்களின் பழைய மதச் சட்ட நூலான தால்முத் காலத்து விதி. அள்ளிக் கொடுப்பதற்கும் அணை போட்டிருக்கிறார்கள். யூதர்களுக்கு வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு நடுத்தர அளவு, ஐந்தில் ஒன்று உச்சம். அதற்கு மேல் போனால் கொடுத்தவரே கையேந்த நேரலாம் என்பது காரணம்.

ஏன் பூ வேண்டாம் என்கிறார்கள்? தால்முத்தில் இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. ஒரு காலத்தில் துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பணக்காரர்கள் வெள்ளி, பொன் கூடைகளிலும், ஏழைகள் தோலுரித்த வில்லோக் குச்சிக் கூடைகளிலும் எடுத்துப் போனார்கள். ஏழைகள் கூனிக் குறுகிப் போனதைப் பார்த்த ரபிகள் (யூத மத குருமார்), இனி எல்லாருமே குச்சிக் கூடையில்தான் கொண்டுபோக வேண்டும் என்று மாற்றினார்கள். பிணத்துக்கு உடுத்தும் துணியிலும் இதே கதைதான்: அந்தக் கால யூத மதத் தலைவர் ரபான் கமாலியேல் தம்மை எளிய லினனில் அடக்கம் செய்யச் சொன்னார், ஊரும் அதைப் பின்பற்றியது. மலர் அலங்காரத்தைத் தவிர்ப்பதிலும் இந்த எளிமைதான் இருக்கிறது.

செதாக்கா என்ற சொல் 'செதெக்', அதாவது நீதி, என்ற வேரிலிருந்து வருவது. இரக்கப்பட்டுப் போடும் பிச்சை இல்லை, இல்லாதவருக்குச் சேர வேண்டியதைச் சேர்ப்பது. ஆங்கிலத்தில் 'சாரிட்டி' என்று சொன்னதும் இதில் பாதி உதிர்ந்துவிடுகிறது. நம்முடைய 'தருமம்' நீதியையும் ஈகையையும் ஒருசேரத் தாங்குவதால் நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. "நீதியோ மரணத்துக்குத் தப்புவிக்கும்" என்று தமிழ் வேதாகமத்தில் நீதிமொழிகள் 10:2-இல் படிக்கிறோமே, அங்கே மூலத்தில் இருப்பது செதாக்காதான். அடக்கத்தின்போது உண்டியலைக் குலுக்கிக்கொண்டே இந்த வரியைச் சொல்லும் வழக்கம் உண்டு. 11:4-இலும் இதே வரி வருகிறது. ஒன்று அகால மரணத்திலிருந்து காக்கும், மற்றது மறுமைத் தண்டனையிலிருந்து காக்கும் என்று ரபிகள் பிரித்துப் பொருள் சொன்னார்கள்.

இறந்தவரின் பெயரால் கொடுப்பதற்கும் இதுதான் அடிப்படை. அவரால் இனி எந்தக் கட்டளையையும் நிறைவேற்ற முடியாது. ஆனால் அவரை நினைத்து இன்னொருவர் செய்யும் நற்செயலுக்கு அவரே காரணம் என்பதால், அந்தப் புண்ணியம் அவர் ஆன்மாவை மேலே உயர்த்தும் என்று நம்புகிறார்கள். தொகையைச் சொல்லிக்கொள்ளாமல் இருப்பதற்கும் மதிப்பு உண்டு. 1204-இல் மறைந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் ஈகையை எட்டுப் படிகளாக வகுத்தார். கடனோ வேலையோ கொடுத்து ஒருவரைச் சொந்தக் காலில் நிற்க வைப்பது எல்லாவற்றிலும் உயர்ந்த படி. கொடுப்பவர் யார், வாங்குபவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுப்பது அடுத்த படி. மனம் கசந்து கொடுப்பது கடைசி.

அடக்கத்துக்குப் பிறகு ஏழு நாள் துக்கம் காப்பார்கள், அதற்கு 'ஷிவா' என்று பெயர். அப்போது போய்ப் பார்க்கலாம். அங்கே உண்டியல் இருந்தால் சில்லறை போடுங்கள். ஆனால் வெள்ளி சூரியன் மறைந்ததிலிருந்து சனி இரவு வரை ஆசாரமானவர்கள் பணத்தைத் தொட மாட்டார்கள். அந்த நேரத்தில் கவரோடு போய் நிற்காதீர்கள். சாப்பாடு எடுத்துப் போவதானால் கோஷர் (யூத உணவு விதி) பார்ப்பவர்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஷிவா முடிந்துவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். முப்பதாம் நாளிலும் ஆண்டு நினைவு நாளிலும் கொடுப்பது அவர்களிடையே வழக்கம்தான். தாமதமாகக் கொடுத்தாலும் நண்பருக்கு அட்டை போகும். "அவர் நினைவு ஆசீர்வாதமாக இருக்கட்டும்" என்று ஒரு வரி நீங்களும் எழுதி அனுப்புங்கள்.