மின்ட் சிகரெட்டும் "எனக்கு டேஸ்ட் புடிச்சிருக்கு"வும்

அக்காவுக்கு வணக்கம்,

கூல் லிப்ங்கிற மின்ட் புகையில பொட்டலத்தப் பத்தி நீங்க எழுதினத படிச்சேன். ஸ்கூல் பசங்க அத உதட்டுக்குள்ள அதக்கிட்டு கிளாஸ்ல உக்காந்திருக்கிறது தப்புதான், அதுல மாற்றுக் கருத்தே இல்ல. ஆனா கடைசில, ஃபில்டர்ல மின்ட் குண்டு வச்ச பட்டன் சிகரெட்டையும் அதோட சேத்து "இளசுகள இழுக்குற ஃபிளேவர்"னு ஒரே வரில முடிச்சிட்டீங்க. எனக்கு 23 வயசு, கோவைல ஐடி வேல. காலேஜ்ல ஆரம்பிச்சேன். அமுக்குனா ஜில்லுனு வருமே அந்த மின்ட் டேஸ்ட் புடிச்சிருக்கு, அவ்ளோதான். யாரும் என்னை ஏமாத்தல. டீ டைம்ல நாலஞ்சு, அதுக்கு மேல இல்ல. கடைல அது இல்லேன்னா மின்ட் இல்லாத சாதா கிங்ஸ் சிகரெட் வாங்கிப்பேன், அதுக்குன்னு அலையுற ஆளும் இல்ல. எங்க தாத்தா பன்னீர் புகையில போட்டப்ப யாரும் கட்டுரை எழுதல. எங்களுக்கு மட்டும் ஏன் இந்த அட்வைஸ்?

பெயர் வேண்டாம், கோவை

தம்பி,

தாத்தால இருந்தே வரேன், உங்க கடிதத்துலயே நியாயமான கேள்வி அதுதான். புகையிலைக்கு வாசன ஏத்துறது நேத்து வந்த பழக்கம் இல்ல. இங்க பன்னீர் புகையில, வடக்க ஜர்தா, கிமாம், ஏலக்காய் குங்குமப்பூனு என்னென்னவோ. வெறும் புகையிலைய முதல் தடவ வாயில போட்டவனுக்கு காரம் ஏறி தல சுத்தி வாந்திதான் வரும், உடம்பு அத வெளிய தள்ளத்தான் பாக்கும், அந்த இடத்துல வாசனயும் இனிப்பும் வந்து "இருப்பா, கொஞ்சம் பொறு"ன்னு புடிச்சு நிறுத்தும். தாத்தாவுக்கு யாரும் கட்டுரை எழுதலங்கிறது வாஸ்தவம், ஆனா அந்தத் தலமுறைல வாய்ப்புத்து வந்து தாடைய எடுத்தவங்க எல்லா ஊர்லயும் ஒண்ணு ரெண்டு பேர் இருந்தாங்க, அதையும் யாரும் எழுதலதான்.

தாத்தா காலத்துக்கும் இப்பைக்கும் வித்தியாசம் என்னன்னா, இப்ப இது யாருக்குன்னு ஆளக் குறி வச்சு செய்யுறாங்க. நான் சும்மா சொல்லல. அமெரிக்கால சிகரெட் கம்பெனிங்க மேல கேஸ் நடந்தப்ப அவங்க உள்ளுக்குள்ள எழுதி வச்சிருந்த பேப்பரெல்லாம் வெளிய வந்துச்சு. அதுல பிரவுன் அண்ட் வில்லியம்சன் கம்பெனிக்கு 1972ல ஆலோசகருங்க குடுத்த குறிப்பு ஒண்ணு, தலைப்பே இளவட்ட சிகரெட்டுக்கான புது யோசனைகள்ங்கிற மாதிரி. கோலா ஃபிளேவர் போடலாம், ஆப்பிள் போடலாம், டீன் ஏஜ் பசங்களுக்கு இனிப்பு புடிக்கும்ங்கிறது ஊரறிஞ்சது, தேன் கூட யோசிக்கலாம்னு எழுதிருக்காங்க. வில்லன் டயலாக் எல்லாம் இல்ல, ஆஃபீஸ்ல நீங்களும் நானும் போடுற மெயில் மாதிரி சாதாரணமா எழுதிருக்கு, அதான் படிக்கறப்ப வயித்தக் கலக்குது.

2009ல அமெரிக்காவே சட்டம் போட்டு சிகரெட்ல பழ ஃபிளேவர், சாக்லேட் ஃபிளேவர் எல்லாத்தையும் தூக்கிருச்சு, மெந்தால, அதாவது மின்ட்டுக்கு அந்த ஜில்லுத்தனத்தக் குடுக்குற சரக்க, மட்டும் விட்டு வச்சாங்க. அதுதான் பெரிய வியாபாரம், நாடு முழுக்க அதுல கை வைக்க இன்னைக்கு வரைக்கும் முடியல. தட பண்ணலாம்னு 2022ல வரைவு போட்டாங்க, 2025 ஜனவரில வாபஸ். ஐரோப்பிய யூனியன் 2020 மே மாசம் மெந்தால் சிகரெட்டையும் நிறுத்திருச்சு.

மெந்தாலுக்கு ஏன் இவ்ளோ மல்லுக்கட்டுன்னா அது வெறும் டேஸ்ட் இல்ல தம்பி. நம்ம வாய்லயும் தொண்டைலயும் குளிர உணர்றதுக்குன்னு நரம்புல ஒரு ஏற்பாடு இருக்கு, மெந்தால் போய் அத தட்டி விட்டுரும், நெசமா குளிர்ச்சி ஒண்ணும் இருக்காது, ஆனா மூளைக்கு ஜில்லுனு தகவல் போயிரும். அந்த நேரத்துல புகையோட எரிச்சல் அவ்வளவா தெரியாது. முதல் சிகரெட்ல இருமி கண்ணுல தண்ணி வந்து "இந்தக் கருமமே வேணாம்"னு தூக்கிப் போடுறவங்க எத்தன பேரு! அந்த இருமல்தான் உங்க உடம்பு வச்சிருக்குற வாட்ச்மேன், மின்ட் அவர தூங்க வச்சிருது. அவர் எந்திரிக்கறதுக்குள்ள நிக்கோடின் உள்ள வந்து குடியேறிரும், அப்புறம் மின்ட்டுக்கு அங்க பெருசா வேல இல்ல.

இத நான் எங்கயும் தேட வேண்டாம், உங்க கடிதத்துலயே இருக்கு. மின்ட் டேஸ்ட்டுக்காகத்தான் அடிக்கறேங்கிறீங்க, ரெண்டு வரி தள்ளி அது கிடைக்கலேன்னா சாதா கிங்ஸ் வாங்கிப்பேங்கிறீங்க. ரோஸ்மில்க் புடிச்சவன் கடைல ரோஸ்மில்க் இல்லேன்னா பேசாம வந்துருவான், அதுக்குப் பதிலா கசாயம் வாங்கிக் குடிக்க மாட்டான். சாதா கிங்ஸ்ல மின்ட் இல்லையே, அப்ப அன்னைக்கு உங்கள கடைக்குக் கூட்டிட்டுப் போனது எது? உங்கள மடக்க இத கேக்கல. நீங்க பொய் சொல்றதாவும் நெனக்கல, ஆரம்பிச்சப்ப டேஸ்ட்டுதான் காரணமா இருந்திருக்கும்.

ஏமாத்தலன்னு சொன்னதுக்கும் ஒரு வார்த்த. நீங்க வாங்குறது லூஸ்லதானே? பாக்கெட்ல 85 சதவீத இடத்துக்கு எச்சரிக்க படமும் வாசகமும் இருக்கணும்னு 2016ல இருந்து விதி, அதெல்லாம் கடைக்காரர் கைல இருக்குற பாக்கெட்டோட நின்னுரும். உங்க கைக்கு வர்றது ஒத்தச் சிகரெட்டும் அதுல அமுக்கற பட்டனும் மட்டும். அந்த பட்டன் இருக்கே, எப்ப வேணுமோ அப்ப ஃபிளேவர்னு, கண்ட்ரோல் நம்ம கைல இருக்குற ஃபீலிங்க குடுக்குது பாருங்க, யோசிச்சவன் கெட்டிக்காரன்தான்.

கூல் லிப்போட ஏன் சேத்தேன்னு கேட்டீங்கல்ல. ரெண்டுலயும் உள்ள நிக்கோடின், மேல மின்ட். சட்டம்தான் ரெண்டையும் வேற வேற வீட்ல வச்சிருக்கு. மெல்லுற புகையிலைய உணவுப் பாதுகாப்பு சட்டத்த வச்சு தமிழ்நாட்டுல 2013ல இருந்து தட பண்ணிட்டு வராங்க, நடுவுல கோர்ட்டு கேஸுன்னு இழுபறி வேற, ஆனாலும் பெட்டிக்கடைல ஒளிச்சு வச்சு விக்கிறான். சிகரெட் உணவு இல்ல, அதனால அந்தச் சட்டத்துல வராது. 2003 புகையில சட்டத்துல 18 வயசுக்குக் கீழ விக்கக்கூடாது, ஸ்கூல் காலேஜ்ல இருந்து 100 கஜத்துக்குள்ள விக்கக்கூடாதுன்னு இருக்கு, ஃபிளேவர் கூடாதுன்னு ஒரு வரி கிடையாது. அதனால மின்ட் பொட்டலம் கடத்தல் சரக்கு, மின்ட் சிகரெட் கல்லாப்பெட்டி பக்கத்துல ஜம்முனு. மாம்பழ ஃபிளேவர்ல எல்லாம் வர்ற இ-சிகரெட்ட (வேப்) மட்டும் 2019ல நாடு முழுக்க மொத்தமா நிறுத்திட்டாங்க, அதுவும் காலேஜ் ஹாஸ்டல்ல கிடைக்குதுன்னு கேள்வி.

ஃபிளேவரே பாவம்னு நான் சொல்லலங்க. விடுறவங்களுக்குக் குடுக்குற நிக்கோடின் சூயிங்கமும் மின்ட் ஃபிளேவர்லதான் வருது, அது ஒரு வேடிக்க.

அட்வைஸ் வேணாம்னீங்க, சரி, ஒரு கேள்வி மட்டும். டாக்டருங்க பழக்கம் எவ்ளோ புடிச்சிருக்குன்னு பாக்க முதல்ல கேக்குறது இதத்தான்: காலைல கண்ணு முழிச்சு எத்தன நிமிஷத்துல முதல் சிகரெட்? அரை மணிக்குள்ளன்னா நல்லா புடிச்சிருச்சுன்னு அர்த்தம், அஞ்சு நிமிஷத்துக்குள்ளன்னா ரொம்பவே. நீங்க டீ டைம் மட்டுமேன்னு சொல்றீங்க, அப்ப விடுறதுக்கு இதுதான் சுலபமான நேரம். லீவு நாள்ல, ஆஃபீஸ் டீ பிரேக் இல்லாதப்ப என்ன ஆகுதுன்னு பாத்து எழுதுங்க. 1800112356ன்னு ஒரு இலவச நம்பர் இருக்கு, விட நெனக்கிறவங்க பேசலாம். பாக்கெட்லயே அச்சடிச்சிருக்கும், லூஸ்ல வாங்குறதால கண்ல பட்டிருக்காது.