கோப்பி நல்லாத்தான் இருக்கு, கடன்தான் கூடிப்போச்சு

கேள்வி: வெள்ளவத்தையில வீட்டுக்குப் பின்னால ஒரு சின்ன ரூமில ஒரு கிலோ ரோஸ்டர் வச்சு கோப்பி வறுத்து விக்கிறன். கண்டிக்கு அங்கால இருக்கிற ஒரு மாமா அரபிகா கொட்டை சேர்த்துத் தாறார். கிழமைக்கு 30 கிலோ போகுது, அதில 22 கிலோ மூண்டு கஃபேக்கு. மூண்டு பேரும் ரெண்டு மாசம் கழிச்சுத்தான் காசு தருவினம். இப்ப கொட்டை விலை ஏறிட்டுது, ஒரு கஃபே மலிவா வேற இடத்தில எடுக்கப்போறம் எண்டுது. மழை தொடங்கின பிறகு ருசி மாறிட்டுது எண்டும் ஆக்கள் சொல்லினம். அண்ணா லோன் எடுத்து மூண்டு கிலோ மெஷின் போடச் சொல்றார், இவர் மட்சாவுக்கு, அந்த யப்பான் பச்சைத் தேயிலைத் தூளுக்கு, மாறுவம் எண்டுறார், நான் மலிவான கோப்பிக்கொட்டை ரொபஸ்டாவைக் கலந்து விலையைப் பிடிக்கலாமோ எண்டு யோசிக்கிறன். என்ன செய்ய? (வெள்ளவத்தை வாசகி)

பதில்: தங்கச்சி, இவ்வளவு எழுதினதில காசு ரெண்டு மாசம் கழிச்சு வருது எண்டதை ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்கள், எனக்கெண்டா அதுதான் வருத்தம், மற்றதெல்லாம் அதால வந்த காய்ச்சல். கணக்கைப் பாருங்கோ. கிழமைக்கு 22 கிலோப்படி எட்டுக் கிழமைக்கு 176 கிலோ வறுத்த கோப்பி. வறுக்கேக்க 15 வீதம் நிறை போகும், அப்ப அதுக்கு 207 கிலோ பச்சைக்கொட்டை வேணும். ஒரு பேச்சுக்கு பச்சைக்கொட்டை கிலோ 2400 ரூபா எண்டு வச்சாலே கிட்டத்தட்ட அஞ்சு லட்சம் உங்கட காசு மற்ற ஆக்களின்ர கடையில சும்மா கிடக்கு, வறுக்கிற காஸ் சிலிண்டருக்கும் கோப்பி போடுற பைகளுக்கும் செலவழிச்சது வேற. வட்டியில்லாம அஞ்சு லட்சம் தாற பாங்க் கொழும்பில எங்கயும் இருக்கோ? நீங்கள் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறீங்கள், அதுவும் மாமாவுக்குப் புதுக்கொட்டைக்குக் காசு குடுக்கவேண்டிய நேரத்தில.

ஆனபடியா முதல் வேலை கஃபேக்காரரோட கதைக்கிறது. சண்டைக்குப் போகவேண்டாம், இந்தத் திகதியில இருந்து 14 நாள் தவணைதான், பழைய பில் தீர்ந்தாத்தான் அடுத்த பை எண்டு வட்ஸ்அப்பில எழுத்தில அனுப்புங்கோ, பழைய பாக்கியை மூண்டு நாலு துண்டாப் பிரிச்சுக் கட்டச் சொல்லுங்கோ. போகப்போறன் எண்டு வெருட்டுற ஆள் போகட்டும். கடனுக்கு எடுத்து, விலையும் குறைக்கச் சொல்லி, சனிக்கிழமை காலமை அவசர ஓடரும் தாற ஆள் கஸ்டமரே இல்லை. வீட்டுக்கு வாங்குற ஆக்கள் எட்டுக் கிலோதான் எடுக்கினம், ஆனா காசைக் கையில தருகினம், அந்த எட்டைப் பதினஞ்சாக்கப் பாருங்கோ.

அண்ணாவின்ர மெஷினுக்கு இப்ப தேவையே இல்லை. ஒரு கிலோ ரோஸ்டரில 800 கிராம் போட்டு, சூடாக்கி ஆற விட்டு எல்லாம் சேர்த்து மணித்தியாலத்துக்கு மூண்டு தரம் வறுக்கலாம். நாளுக்கு அஞ்சு மணித்தியாலம் வறுத்தா 12 கிலோ பச்சை, வறுத்துப் பத்துக் கிலோ, கிழமையில அஞ்சு நாளுக்கு 50. நீங்கள் விக்கிறதே 30. பிறகு என்னத்துக்கு லோன்?

விலை ஏறினதுக்கு உங்கட மாமாவைக் குறை சொல்லாதேங்கோ. பிரேசிலில வறட்சி, வியட்நாமில வறட்சி எண்டு வந்து 2025 பெப்ரவரியில நியூயோர்க் சந்தையில அரபிகா ஒரு இறாத்தல் 4 டொலரைத் தாண்டினது, அதுக்கு முதல் அப்பிடியொரு விலை வந்ததே இல்லை, உலகத்தில விலை ஏறேக்க உள்ளூர்க் கொட்டைக்கும் வாங்க ஆள் கூடும்தானே. உங்கட விலையையும் கூட்டத்தான் வேணும், ஆனா கணக்குச் சரியாப் போட்டுக் கூட்டுங்கோ. கனபேர் 2400 க்கு 15 வீதத்தைக் கூட்டி 2760 எண்டு எழுதுவினம், அது பிழை, 2400 ஐ 0.85 ஆல பிரிக்கவேணும், 2824 வரும். கிலோவுக்கு 64 ரூபா அங்கயே ஒழுகுது. கறுப்பா வறுத்தா நிறை இன்னும் போகும், அதுக்குத் தனிக்கணக்கு. விலை கூடுற திகதியை மூண்டு கிழமைக்கு முதலே சொல்லிப்போடுங்கோ. 250 கிராம் பக்கெட்டைச் சத்தமில்லாம 200 ஆக்கிற விளையாட்டு மட்டும் வேண்டாம், ஆக்கள் தராசு வச்சிருக்கினம்.

இப்ப ருசிக்கு வருவம், எனக்குப் பிடிச்ச பகுதி இது. புதுக்கொட்டை இன்னும் வரேல்லை எண்டா உங்கட மூட்டையில இருக்கிறது போன சீசன் கொட்டை, ஒரு வருசத்தைத் தொடப்போற கொட்டை கடதாசி மாதிரி, காய்ஞ்ச பலகை மாதிரி ருசிக்கத் தொடங்கும், அதை எந்தக் கெட்டிக்காரன் வறுத்தாலும் திருப்பி எடுக்கேலாது. அதோட கடற்கரைப் பக்கத்து ஈரக்காத்து. பச்சைக்கொட்டையில ஈரம் 10 இல இருந்து 12 வீதத்துக்குள்ள இருக்கவேணும், சணல் சாக்கில நிலத்தில வச்சா மழைக்கு அது ஏறிப்போகும், அப்ப அதே சூட்டில போட்டாலும் கொட்டை வெடிக்கிற நேரம் பிந்தும், ருசி மந்தமா வரும். உள்ளுக்குத் தடிச்ச பிளாஸ்டிக் பை போட்டு இறுக்கிக் கட்டி, பலகையில, சுவரில முட்டாம வையுங்கோ. மெஷினுக்குச் சேர்க்கிற காசில ஈரம் பாக்கிற மீட்டர் ஒண்டு வாங்கினா எவ்வளவோ பிரயோசனம். இந்தமுறை கொட்டை முழுக்க ஒரேயடியாக் கொழும்புக்கு இறக்கவேண்டாம், மாமாவிட்டயே மேல்தோலோட இருக்கட்டும், மாசத்துக்கு வேண்டியதைத் தோல் நீக்கி எடுப்பியுங்கோ. மலையில குளிர், தோலும் காக்கும்.

ரொபஸ்டா கலக்கிறது பாவமில்லை, பக்கெட்டில எழுதிக் கலந்தா. கோப்பி கடுமையா வேணும், பாலுக்கு நிண்டு பிடிக்கவேணும் எண்டுற ஆக்களுக்கு அது பிடிக்கும், கஃபீனும் அரபிகாவைப் போல ரெண்டு மடங்கு கிட்ட இருக்கு. ஆனா அதைத் தனிப் பெயரில தனிச் சாமானாப் போடுங்கோ. இப்ப வாங்குற அரபிகாவுக்குள்ள சொல்லாமக் கலந்தா உங்கட நாக்கு தெரிஞ்ச பழைய ஆக்கள்தான் முதல் போவினம்.

மட்சாவுக்கு ஒரு பழங்கதை சொல்றன். 1869 இல இலைத்துருநோய் வந்து இலங்கைக் கோப்பி சரியத் தொடங்க, தோட்டக்காரர் கனபேர் சிங்கோனாவுக்குப் பாய்ஞ்சவை, மலேரியாக் காய்ச்சலுக்குக் குடுக்கிற கொய்னா மருந்து எடுக்கிற பட்டை மரம். எல்லாரும் ஒண்டா நட்டு 1880களில விலை குப்புற விழுந்தது. தேயிலை பேந்து பிடிச்சது வேற கதை. இவருக்கு ஆசையெண்டா ரெண்டு டின் வாங்கி விக்கட்டும், ஆனா ரோஸ்டரை விக்கவேண்டாம்.

கஃபேக் காசு வரத் தொடங்கினவுடன மாமாவுக்குப் போன் எடுத்து இந்த வருசம் இத்தினை கிலோ, இந்த விலை, பழுத்த பழம் மட்டும், பாதிக்காசு முன்னுக்கு எண்டு பேசி முடியுங்கோ. சொந்தக்காரர் எண்டாலும் எழுதி வாங்குங்கோ.