கண்டம் போட்ட பெட்டி – கடிதம்

வணக்கம் ஐயா,

எங்கள் ஊர் ஸ்டேஷனில் மீட்டர்கேஜ் காலத்துப் பயணிகள் பெட்டி ஒன்று பழைய சைடிங்கில் பத்து வருடத்துக்கு மேலாக நிற்கிறது. அகலப்பாதை போட்டபோது இதை மட்டும் ஏனோ விட்டுவிட்டார்கள். உள்ளே அரசங்கன்று முளைத்திருக்கிறது. நண்பர்கள் ஐந்தாறு பேர் இதைக் காப்பாற்ற நினைக்கிறோம். வெளியே ஓவியர்களைக் கொண்டு வண்ணம் தீட்டி, உள்ளே இருக்கைகளை எடுத்துவிட்டு, ஒரு காபி கடையும் சின்ன நூலகமும் வைக்கலாம் என்று திட்டம். நம் மக்களுக்கு வரலாற்று உணர்வே கிடையாது என்பதால் ஊரில் ஆதரவு குறைவு. யாரிடம் மனு கொடுப்பது? நீலகிரி ரயில் மாதிரி யுனெஸ்கோ அங்கீகாரத்துக்கு வாய்ப்பு உண்டா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அப்பாவின் சுத்தியலுக்குப் புதுக் காம்பு போட்டு வாங்கிவந்தேன். நீளக் காம்பு, சின்னத் தலை. வீட்டில் எந்த வேலைக்கும் ஆகாத சுத்தியல். அப்பா செங்கோட்டையில் ரயில்வேயின் கேரேஜ் பிரிவில், அதாவது பெட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் பிரிவில் இருந்தார். வண்டி வந்து நின்றதும் அதை எடுத்துக்கொண்டு சக்கரம் சக்கரமாகத் தட்டிக்கொண்டே போவார். ணங் என்று கேட்டால் நல்ல சக்கரம், சத்தம் அமுங்கினால் குனிந்து பார்ப்பார். வயசான பெட்டிகளை ஓட்டத்திலிருந்து எடுப்பதற்கு யார்டில் ‘கண்டம்’ போடுவது என்று சொல்வார்கள், கண்டம்னேஷனின் சுருக்கம். ஜாதகத்தில் இருக்கும் கண்டத்துக்குப் பரிகாரம் உண்டு, யார்டில் போடும் கண்டத்துக்குக் கிடையாது என்பார் அப்பா. ஆகவே பத்து வருடம் தப்பி நிற்கிற உங்கள் பெட்டியை நினைத்தால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. திட்டப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

யுனெஸ்கோவை விடுங்கள். 2005ல் நீலகிரிக்குக் கொடுத்தது பல்சக்கரம் வைத்து இன்றும் மலையேறிக்கொண்டிருக்கும் ஒரு முழுப் பாதைக்கு. அப்புறம், நம் மக்களுக்கு வரலாற்று உணர்வே கிடையாது என்ற வரி. அதைத் தயவுசெய்து இனி யாருக்கும் எழுதாதீர்கள். அந்தப் பெட்டியில் தொங்கிக்கொண்டு வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போன ஜனம் அது. அவர்களுக்கு வராத உணர்வு உங்கள் ஐந்தாறு பேருக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?

என்னை உறுத்தியது வேறு. ‘இருக்கைகளை எடுத்துவிட்டு’ என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று தடவை படித்தேன். இருக்கையை எடுத்துவிட்டால் அப்புறம் எதைக் காப்பாற்றுகிறீர்கள், தகரத்தையா?

ரயிலைப் பாதுகாப்பது என்றாலே எல்லோருக்கும் எஞ்சின்தான். பெரிய ஸ்டேஷன் வாசல்களில் மேடை கட்டிப் பெயின்ட் அடித்து நிறுத்தியிருப்பது எஞ்சினை. பிரிட்டனிலும் இதே கதை. வேல்ஸில் பேரி என்ற ஊரின் பழைய இரும்புக் கிடங்குக்கு உடைக்க வந்த 297 நீராவி எஞ்சின்களில் 213ஐ ஆர்வலர்கள் காசு சேர்த்து மீட்டார்கள். அதே காலத்தில் மரப்பெட்டிகளை வரிசையாக நிறுத்தித் தீ வைத்து, மிஞ்சிய இரும்பை மட்டும் பொறுக்கினார்கள். தப்பும் பெட்டியும் யாருடைய பெட்டி என்று பாருங்கள். டில்லி ரயில் அருங்காட்சியகத்தில் 1875ல் வேல்ஸ் இளவரசர் வருகைக்காகச் செய்த சலூன், அதாவது சொகுசுப் பெட்டி இருக்கிறது, 1899ல் மைசூர் மகாராஜாவுக்காகச் செய்த சலூன் இருக்கிறது. அழகான பெட்டிகள்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நானும் என் அம்மாவும் போனது அதில் இல்லை.

நாங்கள் போனது மூன்றாம் வகுப்பு. அப்பாவுக்கு பாஸ் உண்டு, வருடத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு பட்டணம் போவோம், கொல்லம் மெயில். இருக்கை என்பது இடைவெளி விட்டு அடித்த மரச்சட்டங்கள், மெத்தை கிடையாது. அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் தொடையில் வரி வரியாகப் பதியும். அம்மா அதைத் தடவிப் பார்த்து ‘மதுரை வந்தாச்சு போலிருக்கே’ என்பாள். மணி பார்க்கத் தெரியாத அம்மாவுக்கு என் தொடைதான் கடிகாரம். ராத்திரியானால் சாமான் பலகையில் ஏற்றிப் படுக்கவைத்து, விழாமலிருக்க அப்பாவின் துண்டால் இடுப்போடு கட்டிவிடுவார்கள். வண்டி நின்றால் விளக்கு மங்கும், கிளம்பி வேகம் பிடித்தால் பளிச்சென்று வரும். அச்சோடு பெல்ட் போட்டு ஓடும் டைனமோ என்று அப்பா விளக்கியது பிற்பாடுதான். சின்ன வயதில் வண்டி மூச்சு விடுகிறது என்றே நினைத்திருந்தேன்.

1974ல் மூன்றாம் வகுப்பை ஒழித்தார்கள். எப்படி ஒழித்தார்கள் என்றால், பெட்டியின் மேல் ரோமன் எண்ணாக இருந்த மூன்று கோட்டில் ஒன்றை அழித்து இரண்டாக்கினார்கள், அவ்வளவுதான். பலகை அதே பலகை. மது தண்டவதே ரயில்வே அமைச்சராக வந்து, 1977க்கு அப்புறம், இரண்டாம் வகுப்புப் படுக்கைகளில் இரண்டு அங்குல ஃபோம் போடவைத்தார். அது பாசஞ்சர் வண்டிகளுக்கு வந்து சேர வெகுகாலம் ஆனது. 1948 பிப்ரவரியில் காந்தியின் அஸ்தியை டில்லியிலிருந்து அலகாபாத்துக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டியில்தான் கொண்டுபோனார்கள். அந்தப் பலகைக்கு அவ்வளவு மரியாதை இருந்திருக்கிறது. உங்கள் பெட்டியில் பலகை இன்னும் இருக்கிறதா, பெயர் கீறியது, வெற்றிலைக் கறை, சுண்ணாம்பு தடவிய விரல் தடம் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை எழுதவில்லையே நீங்கள். அரசங்கன்றை மட்டும் பார்த்திருக்கிறீர்கள்.

ஓவியத்துக்கு வருகிறேன். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு, பெருமைப்படும்படியான அனுபவம் இல்லை. பல வருடம் முன்பு, ஊர் பெயர் வேண்டாம், நானும் சில நண்பர்களும் இப்படி ஒரு பெட்டியைக் கேட்டு வாங்கினோம். கையிலிருந்த பணம் மொத்தத்தையும் பெயின்ட்டில் போட்டோம். திறப்பு விழா, புகைப்படம், எல்லாம் ஆயிற்று. மூன்றாவது மழைக்காலத்தில் கக்கூஸ் பக்கத்துத் தரை ஓட்டையாகி ஒரு பையனின் கால் முழங்கால்வரை உள்ளே போயிற்று. அப்புறம் யாரும் ஏறவில்லை. காஸ் கட்டர் வந்தது.

அப்பா இருந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார். இரும்புப் பெட்டி வெளியிலிருந்து சாவதில்லை. ஜன்னல் சட்டத்தின் வழியாக இறங்கும் தண்ணீர் வெளித்தகட்டுக்கும் உள்பலகைக்கும் நடுவில் போய்த் தங்கும், கக்கூஸ் தண்ணீர் தரைக்கு அடியில் தங்கும். கதவோரமும் கக்கூஸ் அடியும்தான் முதலில் உளுத்துப்போகும் இடம். ஓட்டத்தில் இருக்கும்வரை பட்டறைக்குப் போகும்போது அந்தத் தகட்டை வெட்டி எடுத்துப் புதுசு வைப்பார்கள். நிற்கிற பெட்டிக்கு யார் வைப்பார்கள்? மேலே பெயின்ட் அடித்தால் துரு தெரியாது, அவ்வளவுதான் அதன் உபகாரம். ஆகவே கூரை. முதல் ரூபாய் கூரைக்கு. நாலு பக்கமும் மூன்றடி வெளியே நீளும் தகரக் கொட்டகை, பார்க்க அசிங்கமாக இருக்கும், இருக்கட்டும். இங்கிலாந்தில் எரிக்காமல் விற்ற மரப்பெட்டிகள் சில வயல் நடுவே கோழிக்கூடாகவும் குடிவீடாகவும் ஆயின. வாங்கியவன் ஒழுகுகிறது என்று மேலே ஒரு கூரை போட்டான். பிற்பாடு அதைப் பிரித்தபோது உள்ளே நூறு வருடத்துப் பெட்டி முழுசாக இருந்தது. அவன் அருங்காட்சியகம் நடத்தவில்லை, கோழி நனையக்கூடாது என்று பார்த்தான். எங்கள் ஆறு பேருக்கு அந்த புத்தி இல்லாமல் போயிற்று, அதுவும் சாரலில் வளர்ந்த எனக்கு.

காபி கடை கூடாது என்று சொல்லவில்லை. பெட்டிக்கு வெளியே, கொட்டகைக்கு அடியில் பெஞ்சு போட்டுக் கடை வையுங்கள், வருகிற காசு தரைக்கு ஆகும். அரசங்கன்றைப் பிடுங்கி இழுக்காதீர்கள், தகட்டோடு வரும். அறுத்துவிட்டு வேரைக் காயவிடுங்கள். இந்தப் பெட்டி இனி ஓடாது. அதன் சக்கரத்துக்கு 1000 மில்லிமீட்டர் பாதை வேண்டும், பக்கத்தில் இருப்பது 1676.

மனு, ஆமாம், அதைத்தானே கேட்டீர்கள். ரயில்வே கோட்ட மேலாளருக்கு எழுதுங்கள், சீக்கிரம் எழுதுங்கள், ஏலத்துக்கு லாட் கட்டிவிட்டால் அப்புறம் வாங்கியவனிடம்தான் கெஞ்ச வேண்டும். ஓவியம், காபி, நூலகம் எதையும் அதில் எழுதவேண்டாம், பெட்டி எண்ணை எழுதுங்கள். எண் தெரியாவிட்டால் இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு ஈரத்துணியோடு போங்கள். பெட்டியின் முனைச்சுவரில், பஃபருக்கு மேலே, வெள்ளைப் பெயின்ட்டில் பி.ஓ.எச். என்று எழுதி ஒரு தேதி போட்டிருக்கும், கடைசியாகப் பட்டறைக்குப் போய்வந்த தேதி. மெதுவாகத் துடையுங்கள், தேய்க்கவேண்டாம். என்ன தேதி என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.