வெளிநாட்டுக் காசும் நாட்டு டொலரும்: கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (கத்தாரில் வேலை செய்யும் தம்பி): 2021 கடைசியில் நானும் வங்கியால் அனுப்பாமல், ஆள் மூலம் கைமாற்றும் உண்டியலில்தான் காசு அனுப்பினேன். இலங்கை டொலர் இல்லாமல் விழுந்ததற்கு நாங்கள்தான் காரணமா, அண்ணா?

பதில்: இல்லை, தம்பி. வரிக்குறைப்பு, வெளிநாட்டுக் கடன், சுற்றுலா படுத்துப்போனது எல்லாம் அதற்கு முன்பே இருந்தன. ஆனால் உங்கள் காசு போன பாதையைத் தெரிந்துகொள்ளுங்கள். நீங்கள் அங்கே றியாலைக் கொடுத்தீர்கள். இங்கே ஒருவர் அம்மாவின் கையில் ரூபாயைக் கொடுத்தார். றியால் நாட்டுக்குள் வரவே இல்லை. வீட்டில் அரிசி வாங்கக் காசு இருந்தது, எரிபொருள் கப்பலுக்குக் கட்ட வங்கியில் டொலர் இல்லை.

அதற்கு உங்களைத் திட்டுவது நியாயமில்லை. 2021 செப்டெம்பரிலிருந்து மத்திய வங்கி டொலரை 203 ரூபாய்க்கு மேல் ஏறவிடவில்லை. உண்டியலிலோ பிறகு 240 ரூபாய் வரை கிடைத்தது. ஆயிரம் டொலருக்கு முப்பதாயிரத்துக்கு மேல் வித்தியாசம்! ஏஜென்சிக்குக் கடன்பட்டுப் போனவர் அதை எப்படி விடுவார்?

கணக்கைப் பாருங்கள். முறையான வழியில் 2020இல் வந்தது 7.1 பில்லியன் டொலர், 2021இல் 5.5, 2022இல் 3.8. இத்தனைக்கும் 2022இல் வேலைக்காக வெளிநாடு போனவர்கள் மூன்று லட்சத்துக்கும் மேல். அந்த மார்ச்சில் ரூபாயை மிதக்கவிட்டார்கள், அதாவது அதன் விலையைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டார்கள். வங்கி விலைக்கும் வெளி விலைக்கும் இருந்த இடைவெளி மெல்ல மெல்லச் சுருங்கியது. 2023இல் வரவு கிட்டத்தட்ட 6 பில்லியனுக்கு ஏறியது. கெஞ்சியும் வராத டொலர், சரியான விலை கொடுத்ததும் வந்தது.

கேள்வி (வவுனியா ஆசிரியை): வெளிநாட்டுக் காசால் காணி விலை ஏறுகிறதே, அது நல்லதா?

பதில்: காணி வாங்கிப் போடுவது நல்லதல்ல, ரீச்சர். காணி பெருகாது, விலைதான் கூடும்; வெளிநாட்டில் ஆளில்லாத குடும்பம் வாங்க முடியாமல் போகும். வீடு கட்டினால் மேசனுக்கும் தச்சனுக்கும் கூலியாவது கிடைக்கும்.

கேள்வி (மட்டக்களப்புத் தங்கச்சி): அம்மா குவைத்தில் பத்து வருடம் வீட்டு வேலை செய்தா. மிஞ்சியது அரைகுறை வீடு மட்டும். அவ்வளவு காசும் வீணா?

பதில்: வீணில்லை, தங்கச்சி. முதலில் கடனும் வட்டியும் தின்றிருக்கும். அப்புறம் உங்கள் சாப்பாடு, பள்ளிக்கூடம், மருந்து. இதையெல்லாம் 'வெறும் செலவு' என்று எழுதும் பொருளாதாரக்காரர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் படித்ததும் அந்தக் காசில்தான். ஆனால் அம்மா இல்லாமல் நீங்கள் வளர்ந்த பத்து வருடத்துக்கு எந்த வங்கிக் கணக்கிலும் இடமில்லை. இப்போது போகிறவர்களுக்கு ஒன்று சொல்லுங்கள்: முதல் சம்பளத்திலிருந்தே, சிறிய தொகையானாலும், தங்கள் சொந்தப் பெயரில் ஒரு கணக்கில் போடட்டும்.