நின்றுபோன மாடல் ரேடியோவுக்குப் பொருந்தாத சார்ஜர்: பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

பெரம்பூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். ஹாம் உரிமம், அதாவது பொழுதுபோக்காக வானொலித் தொடர்பு நடத்துவதற்கான உரிமம் வைத்திருப்பவர். நாலு வருடம் முன்பு வாங்கிய கையடக்க ரேடியோவின் சார்ஜர் செத்துப்போனது, அந்த மாடலையே கம்பெனி நிறுத்திவிட்டதால் ஒரிஜினல் எங்கும் கிடைக்கவில்லை. ரிச்சி தெருவில் ஒரு கடைக்கு மாடல் எண்ணையும் பேட்டரி படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியதற்கு "செட் ஆகும் சார்" என்று பதில் வர, 1,900 ரூபாய்க்கு வாங்கினார். மூன்றாவது தடவை சார்ஜ் போட்டபோது பேட்டரி உப்பிவிட்டது. "விற்ற பொருளைத் திரும்ப வாங்க மாட்டோம்னு பில்லிலேயே இருக்கு" என்கிறார் கடைக்காரர். கம்பெனி, கடை இரண்டு பேர் மீதும் வழக்குப் போடலாமா என்பது கேள்வி.

கம்பெனியை விட்டுவிடுங்கள். ஒரு மாடலை நிறுத்துவது குற்றமில்லை. இத்தனை வருடம் சார்ஜர் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று இந்த வகை ரேடியோவுக்குத் தனியாகச் சட்டமும் இங்கே இல்லை. பழுது பார்க்கும் உரிமை பற்றி மத்திய அரசு 2022-இல் குழு போட்டது, அதே வருடக் கடைசியில் இணையதளமும் திறந்தது, ஆனால் அதைக் காட்டி யாரையும் நுகர்வோர் ஆணையத்தில் நிறுத்த முடியாது. எத்தனை வருடம் உதிரிப்பாகம் தருவோம் என்று வாங்கும்போது எழுதிக் கொடுத்திருந்தால் மட்டும் கதை வேறு.

கடை விஷயம் அப்படியில்லை, அங்கே உங்கள் கை நன்றாகவே ஓங்கியிருக்கிறது. நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். பேட்டரி 7.4 வோல்ட் லித்தியம், அதாவது இரண்டு செல், 8.4 வோல்ட்டில் சார்ஜ் நின்றுவிட வேண்டும். அவர்கள் கொடுத்த சார்ஜரின் ஸ்டிக்கரில் 7.2 வோல்ட் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று அச்சடித்திருக்கிறது, அது வேறு வகை பேட்டரி. ஆறு நிக்கல் செல்லுக்கான சார்ஜர் 8.4-ஐத் தாண்டியும் தள்ளும், லித்தியம் அதைத் தாங்காது. சார்ஜர் கெட்டுப்போனதாகக் கூட நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை, அது நன்றாகவே வேலை செய்திருக்கலாம், உங்கள் பேட்டரிக்கு உரியதல்ல என்பதுதான் வழக்கு, அதற்குச் சாட்சி அந்த ஸ்டிக்கரும் அந்த வாட்ஸ்அப் வரியும்.

சட்டப்படி பார்த்தால், எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அதற்குப் பொருந்த வேண்டும் என்கிறது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. அப்புறம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47). குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைக் கொடுக்க மறுப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதில் இருக்கிறது. பில்லில் அச்சடித்த அந்த ஒரு வரியைப் பார்த்து நம் ஊரில் எத்தனையோ பேர் பேசாமல் திரும்பிப் போகிறார்கள், எனக்கு அது ரொம்ப வருத்தம். அந்த வரி சட்டத்தை மீறி நிற்காது.

சரி, செய்ய வேண்டியது. சார்ஜரை யாரிடமும் கொடுத்துப் பிரிக்காதீர்கள், பிரித்துவிட்டால் நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்பார்கள். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடாதீர்கள், குத்தாதீர்கள், மணல் போட்ட தகர டப்பாவில் வீட்டுக்கு வெளியே வையுங்கள். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள், பின்னால் மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டிவரும். கடைக்கு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு கடிதம் போடுங்கள்: சார்ஜர் விலை, பேட்டரி விலை, 15 நாள் கெடு. வக்கீல் நோட்டீஸ் கட்டாயமில்லை. இடையில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிவு செய்யுங்கள், சில கடைகள் அந்த அழைப்புக்கே இறங்கி வந்துவிடும்.

வரவில்லையென்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் பகுதிக்கான ஆணையத்திலேயே போடலாம், இணையத்திலும் தாக்கல் செய்யலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமல் நீங்களே பேசலாம். பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மன உளைச்சலுக்கு லட்சக்கணக்கில் கேட்காதீர்கள், பேட்டரி, சார்ஜர், செலவு, அதற்கு மேல் நியாயமான ஒரு தொகை போதும். உங்கள் ஹாம் உரிமத்தின் நகலையும் சேர்த்து வையுங்கள், "ரேடியோ வைத்திருக்க அனுமதி உண்டா" என்று எதிர்த்தரப்பு திசைதிருப்பப் பார்க்கும். பொழுதுபோக்குக்கு வைத்திருப்பதால், "வியாபார நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் இல்லை" என்ற தடையும் உங்களுக்கு வராது.

ஸ்டிக்கரை இன்னும் நாலைந்து கோணத்தில், எழுத்து தெளிவாகத் தெரியும்படி இன்றைக்கே படமெடுத்து வையுங்கள். அந்த அச்சு விரல் பட்டாலே தேயும்.